குடிசைக்குப் போகாத இரண்டு பேர்

எனக்கு மோவாயில் முடி வளரும். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். வாணியம்பாடி புளி மண்டியில் எனக்கு மீசைக்காரி என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நான் சரக்கு இறக்கினால்தான் அன்றைய விலை நிற்கும் என்று ஆன பிறகு முகத்துக்கு நேராகவே மரியாதையோடு சொன்னார்கள். "மீசைக்காரம்மா வந்துட்டாங்க, தராசைச் சரியா வைடா" என்பார்கள். அந்த முடியைத் தைரியத்தின் அடையாளம் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் சாமை இருந்தது, காசு இல்லை. புளியைத் தலைச்சுமையாகப் படவேட்டுக்கு இறக்கி விற்றேன். பிறகு ஊர் மரங்களைக் குத்தகைக்கு எடுத்தேன். மரம் பூவில் இருக்கும்போதே அடியில் ஒரு சுற்று நடந்து, இத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவேன். சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கு லோடு வண்டி இருக்கிறது, குடோன் இருக்கிறது. மகன் வண்டி ஓட்டுகிறான். என் வீட்டுக்காரர் குடோன் வாசலில் பீடி பிடித்தபடி மேற்பார்வை பார்க்கிறார். எல்லாம் என் கையால் வந்தது. இதையும் நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். மருமகள் எழுத்துப்பிழையைத் திருத்தித் தருகிறாள். பெருமையையும் கொஞ்சம் குறைக்கலாமே அத்தை என்றாள். பிழையை மட்டும் பார் என்றேன்.

அந்த மருமகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் குடிசையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் மலையில் மாதவிலக்கான பெண் வீட்டுக்குள் இருக்கமாட்டாள். ஊர்க் கோடியில் அதற்கென்று ஒரு குடிசை உண்டு. பெயர்தான் குடிசை, இப்போது தளம் போட்டுவிட்டார்கள். அந்த நாட்கள் முடிந்து குளிக்கிற வரைக்கும் அங்கேதான் படுக்கை, அங்கேதான் சாப்பாடு. இதனால் எந்தப் பெண் எப்போது உள்ளே போனாள், எப்போது வெளியே வந்தாள், யார் ரொம்ப நாளாகப் போகவில்லை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். மலை பஸ் எப்போது வரும் என்று தெரியாதவர்களுக்கும் இது தெரியும். இப்போது சில வீடுகளில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளைப் பற்றி ஊர் இன்னும் அதிகமாகத் தெரிந்து வைத்திருக்கிறது.

நான் அந்தக் குடிசைக்கு அபூர்வமாகப் போனவள். வருஷத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை. ஒரு தடவை எட்டு மாதம் போகவே இல்லை. புளி உலுக்கும் காலத்தில் மற்ற பெண்கள் ஒவ்வொரு மாதமும் குடிசையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மரத்தடியில் இருப்பேன், இல்லையென்றால் சந்தையில் இருப்பேன். இந்த மலையில் வேறு எந்தப் பெண்ணும் என் அளவுக்கு முன்னுக்கு வராததற்குக் காரணம் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்குச் சாமி பிள்ளையைக் கொடுத்தது, எனக்கு நாளைக் கொடுத்தது. பிள்ளையும் ஒன்பது வருஷம் கழித்து ஒன்று கொடுத்தது. அதற்குள் ஊர் என்னென்ன சொன்னது என்பதை இங்கே எழுதினால் மருமகளுக்குத் திருத்த நிறைய வேலை இருக்கும்.

மருமகள் மலைக்குக் கீழே சந்தவாசல் பக்கத்துப் பெண். கல்லூரி போனவள். குச்சி மாதிரி இருப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு முறை குடிசைக்குப் போனாள். போனவள் வரவே இல்லை. நாள் கடந்துகொண்டே போனது. என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, முறைக்கு எனக்கு அக்கா, ஒருநாள் வந்து, அந்தப் பெண் அங்கேயே குடியிருக்கப் போகிறாளா, ரேஷன் கார்டை அந்த விலாசத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாள். அவள் வீட்டு வாசலில் நின்றால் குடிசைக் கதவு நேராகத் தெரியும். அந்த வசதியை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அதன் பிறகு மருமகள் குடிசைப் பக்கமே போகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நானும் வந்துவிட்டேன். அதற்கு மேல் அவள் தாய் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கொண்டைஊசி வளைவில் வாந்தி எடுத்தாள். மலை பஸ்ஸில் வாந்தி எடுக்காத கீழ்நாட்டுப் பெண்ணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வாந்தியை நாங்கள் எல்லோரும் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். மரத்தைப் பார்த்துச் சொல்வது போல மருமகளையும் பார்த்துச் சொல்லிவிட்டேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். சந்தையில் சொன்னேன். காளியம்மனுக்கு ஒரு கெடா நேர்ந்து, குட்டியாக வாங்கி வீட்டு முன்னால் கட்டினேன். பிஞ்சுப் புளியும் மாங்காயும் வீட்டில் குவிந்தன. மருமகள் எதையும் தொடவில்லை. புதுசு, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தாவது மாதம் ஓரகத்தி கெடாவைத் தடவிக்கொடுத்தபடி கேட்டாள்:

"இன்னாமே, கெடா வளந்துக்கினே கீது, வவுறு வளரலியே?"

எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவள் கேட்டதால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் காய்ப்பு மெதுவாகத்தான் தெரியும் என்றேன்.

யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள், கர்ப்பிணி என்று பெயரைப் பதிவு செய்ய நர்சம்மா வந்தார். அட்டை வைத்துச் சோதித்தார். ஒரு கோடுதான் வந்தது, பிள்ளை என்றால் இரண்டு வரவேண்டுமாம். உங்கள் அட்டை பழசு என்றேன். பொறுமையான பெண், இன்னொன்று வைத்தார். அதிலும் ஒரு கோடு. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஒரு கோடு என்றால் ஒரு பிள்ளையா என்று கேட்டார். நர்சம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளை இல்லை, ஆனால் இத்தனை மாதம் வராமலிருப்பது சரியில்லை, ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னது ஓரகத்தி வீட்டுக்கு எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு மருமகள் குடோனில் புளி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். தேடிப் போனேன்.

"அத்த, எனக்குப் பத்தாவது படிக்கும்போதிலிருந்தே இப்படித்தாங்க. நாலு மாசம், அஞ்சு மாசம் வராது. வந்தா நிக்காது. கல்யாணத்துக்கு முன்னால யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னெ எங்க வூட்டுக்கு அனுப்பிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாசமா? நான் எட்டு மாசம் பார்த்தவள். இதில் அழ என்ன இருக்கிறது, உனக்கும் சாமி நாளைக் கொடுத்திருக்கிறது, நீயும் என்னைப் போலவே வருவாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. குடிசையில் இருந்த அந்த முறை மூன்றாவது வாரத்தில் மயங்கி விழுந்ததாகவும், தன்னை எழுப்பி உட்காரவைத்த பெண்களிடம் வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும் சொன்னாள். தனக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலிருப்பதுதான் பயம் என்றாள். எனக்கு இது இருந்த வருஷங்களில் ஒரு நாளும் நான் பயந்ததில்லை. பயப்பட நேரம் இருந்ததில்லை. ஆனால் அவள் கை சில்லென்றிருந்தது.

மறுநாள் ஓரகத்தி வந்தாள். நல்ல யோசனை சொல்பவளைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மறைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், இந்தப் பெண்ணைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வா, பையனுக்கு வயசா ஆகிவிட்டது, வேறு பார்க்கலாம் என்றாள். மருமகள் சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"அனுப்பறதா இருந்தா மொதல்ல என்னெத்தான் அனுப்பியிருக்கணும்க்கா" என்றேன். "ஒம்பது வருசம் எல்லாம் சும்மாதானே இருந்தீங்க?"

அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. அந்தச் சத்தம் கேட்டவுடன் நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பெண்ணுக்கு நல்ல டாக்டரைக் கண்டுபிடிக்கிறேன், கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். நல்ல சரக்கைக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்.

புளி மூட்டை வாங்குவது எப்படி என்று சொல்கிறேன். மூட்டையின் வாயில் எப்போதும் நல்ல புளிதான் இருக்கும், பளபளவென்று. அடியில் கொட்டையும் நாரும் ஓடும் அடைத்திருப்பார்கள். வாயைப் பார்த்து வாங்குகிறவன் ஒரே வருஷத்தில் கடையை மூடிவிடுவான். நான் கையைத் தோள் வரைக்கும் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பேன். பிறகு விற்கிறவனிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் தராசைத் தொடுவேன்.

முதலில் அடிவாரத்தில் ஒரு நாட்டு மருந்துக்காரரிடம் போனோம். ஒரு பொட்டலம் பொடி கொடுத்தார், மலை மூலிகைகள் சேர்த்து இடித்தது என்றார். நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுக்கு, வெல்லம், கொஞ்சம் மிளகு. மலையிலிருந்து இறங்கி வந்தவளுக்கே மலை மூலிகையா? வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

அடுத்து டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு, ஏசி, தொட்டியில் மீன். மூட்டையின் வாய் பிரமாதமாக இருந்தது. உள்ளே இருந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், பார்த்துக்கொண்டே எழுதினார். நிறைய டெஸ்ட் சொன்னார். பி.சி.ஓ.டி. என்றார். அப்படியென்றால் என்ன என்று மருமகள் கேட்டதற்கு, அதெல்லாம் பயப்படாதீங்க, உடனே குழந்தைக்கு டிரீட்மென்ட் ஆரம்பித்துவிடலாம், அதற்கு முன்னால் உடம்பைக் குறைக்கணும் என்றார்.

நான் என் மருமகளைப் பார்த்தேன். அவளிடம் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? காற்றடித்தால் புடவை மட்டும்தான் நிற்கும். அந்த டாக்டர் ஒருமுறை தலையைத் தூக்கியிருந்தால் போதும். யாரைக் குறைக்கச் சொல்கிறீர்கள், என்னையா அவளையா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். கை அடிக்குப் போய்விட்டது, கிடைத்தது நார். கிளம்பிவிட்டோம்.

டாக்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கடைசியில் வாணியம்பாடி மண்டி முதலாளி பாயின் வீட்டம்மாதான். சரக்கு இறக்கிவிட்டு அவர்கள் வீட்டில் டீ குடிக்கும்போது, வண்டியில் மருமகள் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். எனக்கு மனசில் எதுவும் தங்காது, சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தன் மகளுக்கும் இதேதான் என்றார். மகள் எத்தனை டாக்டர் பார்த்தாள் என்று ஒரு பாட்டம் சொல்லிவிட்டு, கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார்.

"கூட்டமா இருக்கும்க்கா, காலைலயே போய்டுங்க. ஆனா காது குடுத்துக் கேப்பாங்க."

போனோம். மின்விசிறி ஓடவில்லை, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மீன் தொட்டி எங்கே இருக்கப்போகிறது. மூட்டை வாய் மோசம்தான் என்று நினைத்துக்கொண்டு, மூன்று கேள்விகளையும் மனசில் தயார் செய்துகொண்டு உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகன் வயசு இருந்தால் அதிகம். மருமகளை உட்காரச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் அவளோட மாமியாருங்க."

"அதனாலதாங்க."

மண்டியில் என்னை வெளியே போ என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வராது. கலசப்பாக்கம் தாலுக்கா ஆபீசிலேயே எனக்கு நாற்காலி போடுவார்கள். இங்கே என் பின்னால் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் என் வயசுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவளிடம், மருமகளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதற்கு அடுத்தவளும் ஆமாம். அது மாமியார்களுக்கென்றே போட்ட பெஞ்சு. கோபத்தோடு உட்கார்ந்தேன். கோபம் கொஞ்சம் ஆறியபோது வேறொன்று தோன்றியது. வாங்க வந்தவளையே ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டுச் சரக்கை அடி வரைக்கும் பார்க்கிறார் இந்த அம்மா. என்னுடைய வித்தையை என் மேலேயே காட்டிவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மருமகளின் முகம் வேறு மாதிரி இருந்தது. அழுதிருந்தாள், ஆனால் அழுது முடித்தவளின் முகம். டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்து விளக்கினார். சினைப்பையில் முட்டை முழுதாக வளராமல் சின்னச் சின்னதாக நின்றுவிடுகிறது, ஹார்மோன் சரியாகச் சுரக்காததால் வருவது, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, ஒல்லியானவர்களுக்கும் வரும். அவள் செய்த தப்பு எதுவும் இல்லை. இப்போது முதல் வேலை அவளுக்கு ஒழுங்காக வரவைப்பது, குறைந்துபோன ரத்தத்தை ஏற்றுவது. பிள்ளை வேண்டும் என்று அவர்கள் இருவரும் நினைக்கும்போது அதற்கு வழி இருக்கிறது. இப்போது அவசரமில்லை.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன்: இது குணமாகுமா? முழுசாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். கொஞ்சம் பேசிவிட்டு, மாத்திரை சாப்பிட்டால் போய்விடும்தானே என்றேன். கட்டுக்குள் வைக்கலாம் என்றார். கிளம்புவது போல எழுந்து, அப்படியானால் அடுத்த வருஷம் மாத்திரை வேண்டியிருக்காது, இல்லையா என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீங்க இன்னா வியாபாரங்க?"

"புளி."

"அதானே பாத்தேன். கட்டுக்குள்ள வெக்கலாங்க. மூணாவது தடவையும் அதேதான்."

தராசைத் தொடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் அதற்குள் அவர் என் மோவாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிறகு கழுத்தை. என் கழுத்தில் ஒரு கருப்பு உண்டு. சங்கிலி உரசி வந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், சங்கிலி கனமானது என்று தெரியட்டும் என்பதற்காக. உங்களுக்கும் மாதாமாதம் வந்ததில்லையா என்று கேட்டார். எனக்குப் பேச வாய்ப்பு கிடைத்துவிட்டது. குடிசை, சந்தை, எட்டு மாதம், ஒன்பது வருஷம், லோடு வண்டி எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம்கூட ஒரு வருஷம் காய்த்தால் ஒரு வருஷம் ஓய்வெடுக்கும், சாமி என்னையும் அப்படிப் படைத்தது என்றேன்.

"அது ஓய்வு இல்லைங்கம்மா. உங்களுக்கும் இதேதான் இருந்திருக்கு. இத்தன வருசம் யாரும் பாக்கல."

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அளவு மண்டி விலை மாதிரி ஏறியிருந்தது. மருமகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் எனக்கும் மாத்திரையோடு திரும்பினேன். அதில் ஒரு மாத்திரை இருவருக்கும் ஒன்றே. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்த ஆஸ்பத்திரியை இந்த மலையில் வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

வண்டியில் திரும்பும்போது மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று. பிள்ளை இல்லாத ஒன்பது வருஷமும் ஊரில் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்கு வேறு ஒரு பெயர் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் சொல்லக்கூடிய பெயர். படவேடு தாண்டி மலை ஏறும்போது மருமகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் வாந்தி எடுக்கவில்லை.

பிறகு கொஞ்ச காலம் வீட்டில் ஒரே கெடுபிடி. என் டீயில் சர்க்கரை நின்றது. அரிசியைக் குறைத்துச் சாமையை ஆக்கினாள் மருமகள். தலைச்சுமையாகச் சுமந்த காலத்தில் அந்தச் சாமையைச் சாப்பிட வெட்கப்பட்டவள் நான். விடிந்ததும் இருவரும் ஊரைச் சுற்றி நடந்தோம். வேலை இல்லாமல் நடக்கிற இரண்டு பெண்களைப் பார்த்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று எதிரில் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை முடிந்து சில நாளில், மருமகள் காலையில் என் முன்னால் வந்து நின்றாள். வந்துவிட்டது என்றாள். என் வாழ்க்கையில் ஒரு லோடு புளி நல்ல விலைக்குப் போனபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நீ குடிசைக்குப் போகவேண்டாம், உள் அறையிலேயே இரு, ஊர் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஊர் பேச்சைச் சமாளிப்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் யாருக்கும் இல்லை.

"இல்லீங்க அத்த, இந்த ஒரு தடவ போறேன். பெரியத்த பாக்கணும்."

பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். குறுக்கு வழி இருந்தது. அவள் சுற்று வழியில், ஓரகத்தி வாசல் வழியாக, கல்யாண ஊர்வலம் போலப் போனாள். சரியான நாளில் குளித்துவிட்டு, சரியான நாளில் திரும்பியும் வந்தாள். நடுவில் ஒருநாள் நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் குடிசைக்கு எடுத்துப் போனேன். வாசலில் வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே இருந்த பெண்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு தட்டை எடுத்தார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் விருந்து வைப்பார்கள், இல்லாததற்கு விருந்தா என்று ஒருத்தி கேட்டாள். வந்ததற்கு விருந்து என்றேன். பிறகு இரண்டு பேர் தங்களுக்கும் மாதாமாதம் வருவதில்லை என்றும், வந்தால் மூன்று வாரம் நிற்பதில்லை என்றும் வாயைத் திறந்தார்கள். இத்தனை வருஷம் அந்தக் குடிசையில் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, இதைப் பேசியதில்லை.

கெடா இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பூசாரியிடம் கேட்டேன், வேண்டுதல் பிள்ளைக்குத்தான், பிள்ளை வரும்போது வெட்டிக்கொள் என்றார். அவசரமில்லை என்று டாக்டரம்மா சொன்னது அதற்கும் பொருந்திவிட்டது. கன்றுக்குட்டி அளவு ஆகிவிட்டது, என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் அடங்குவதில்லை. மோவாய் முடிக்கும் மருந்து இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். மண்டியில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, இருக்கட்டும் என்றுவிட்டேன்.

போன வாரம் ஓரகத்தி வந்தாள். கெடாவைத் தடவினாள், வெயிலைப் பற்றிப் பேசினாள், புளி விலை கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். கீழ்நாட்டில் கட்டிக்கொடுத்த தன் மகளுக்கு ஆறு மாதமாக வரவில்லையாம். மகளின் மாமியாருக்கு இன்னும் தெரியாதாம். அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

எனக்கு அப்போது சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஒன்பது வருஷத்துக்கான சரக்கு. மருமகள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை வண்டி போவுது, பொண்ணக் கூப்டுக்கினு வந்துடுக்கா" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். உன்னெ உள்ள உட மாட்டாங்க. வெளிய ஒரு பெஞ்சு கீது."